பொதுத் தொகுதி யாருக்குப் பொது?

(சேவூரில் 2025 டிசம்பரில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



தேர்தல் வருகிறது. இன்னும் சில மாதங்களில் இந்தத் தெருக்களுக்கு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வருவார்கள். சேவூருக்கு மைக் புதிதல்ல. தொகுதியின் பெயர் ஆரணி என்றாலும் 2016லிருந்து சட்டமன்றத்தில் அதிகம் ஒலித்த பெயர் சேவூர்தான். அதிமுகவின் சேவூர் எஸ். ராமச்சந்திரன் 2016ல் வென்று இந்து சமய அறநிலையத் துறை அமைச்சரானார். 2021ல் மறுபடியும் வென்றார். ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட ஒருவர் அமைச்சராவதில் ஊருக்கு வரும் மகிழ்ச்சியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவருடைய பத்தாண்டுச் செயல்பாட்டைப் பற்றிப் பேசவும் வரவில்லை. அதை அவருடைய எதிர்க்கட்சிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். நான் பேச வந்தது, அவர் நின்ற, அவரை எதிர்த்தவர்களும் நின்ற இந்தத் தொகுதிக்கு இருக்கும் அடைமொழியைப் பற்றி. ஆரணி ஒரு ‘பொதுத் தொகுதி’.

பொது என்ற சொல்லை நம் ஆட்களிடம் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். காரணம் உண்டு. பொதுக் கிணறு என்றார்கள், நம் குடம் அதில் இறங்கவில்லை. பொதுப் பாதை என்றார்கள், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். பொதுச் சுடுகாடு என்றார்கள், நம் பிணம் வயலுக்குள் இறங்கித்தான் போனது. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சொல்வதற்கே 1924ல் சென்னை மாகாணச் சட்டசபையில் தனியாக ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்றவர்கள் அந்தக் காலத்தில் அந்த அவையில் உட்கார்ந்து நமக்காகப் பேசியவர்கள். அவர்கள் தேர்தலில் நின்று வென்று போனவர்கள் அல்லர், அரசால் நியமிக்கப்பட்டவர்கள். பொதுவானது எல்லோருக்கும் பொது என்று அரசாணை போட வேண்டியிருந்த நாடு இது. அதனால் ‘பொதுத் தொகுதி’ என்று கேட்டதும், யாருக்குப் பொது என்று கேட்பது நம் உரிமை.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, தனித் தொகுதியில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் மட்டுமே நிற்கலாம். மற்ற தொகுதிகளில், இந்த மாநிலத்தில் ஓட்டு இருக்கிற, 25 வயது நிரம்பிய யாரும் நிற்கலாம். அவ்வளவுதான். பொதுத் தொகுதியில் தலித் நிற்கக் கூடாது என்று எந்த வரியிலும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், நிற்பார்கள் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளர் கட்ட வேண்டிய டெபாசிட் பத்தாயிரம் ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு ஐயாயிரம். இந்தச் சலுகை தனித் தொகுதிக்கு மட்டும் உரியதல்ல. ஆரணியில் நின்றாலும் ஐயாயிரம்தான். சட்டம் போட்டவர்கள் நம் ஆள் ஆரணியில் மனு கொடுக்க வருவார் என்று நினைத்து ரசீதுக்குத் தொகையை முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். கட்சிகள்தான் அவரை மனு கொடுக்க அனுப்புவதில்லை.

இட ஒதுக்கீடு என்றால் என்ன என்று சேவூரில் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தறிக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். 1985ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது, கைத்தறிக்கு ரக ஒதுக்கீடு செய்யும் சட்டம். சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் என்று இன்றைக்குப் பதினோரு ரகங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்த ரகங்களை, சட்டம் சொல்லும் விதத்தில், விசைத்தறியில் ஓட்டக் கூடாது. ஏன் இந்தச் சட்டம்? ஒரு பட்டுச் சேலையைக் கைத்தறியில் இறக்க எத்தனை நாள் ஆகும், விசைத்தறியில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே சந்தையில் விட்டுவிட்டு, ‘திறமை இருக்கிறவன் பிழைத்துக்கொள்ளட்டும்’ என்று சொன்னால் ஆரணியைச் சுற்றி ஒரு தறிக்குழி மிஞ்சாது. ஒதுக்கீட்டை மீறி விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்கிறார்கள் என்று கோபப்படுகிறோம், அதிகாரிகளிடம் மனு கொடுக்கிறோம். நியாயமான கோபம். அந்தக் கோபத்தில் இருக்கிற நியாயம்தான் தனித் தொகுதியிலும் இருக்கிறது. போட்டி சமமாக இல்லாத இடத்தில் ஒரு பங்கைப் பாதுகாத்து வைப்பது. கைத்தறி ஒதுக்கீடு புரிகிறவருக்குச் சாதி ஒதுக்கீடு புரியவில்லை என்றால், புரியாததல்ல பிரச்சினை.

இதே சட்டத்தில் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். பதினோரு ரகம் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பட்டியலில் இல்லாத துணியைக் கைத்தறியில் நெய்யக் கூடாது என்று யாராவது சொல்கிறார்களா? ‘உனக்குத்தான் பதினோரு ரகம் கொடுத்தாச்சே, மற்றதெல்லாம் எங்களுக்கு’ என்று எந்த மில்காரராவது சொன்னால் சிரிக்க மாட்டோமா? ஒதுக்கீடு என்பது குறைந்தபட்சப் பாதுகாப்பு. அதைத் தாண்டி வராதே என்று போட்ட வேலி அல்ல. தேர்தலில் மட்டும் அது வேலியாகிவிட்டது. தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். 44 பட்டியல் சாதிக்கு, 2 பழங்குடிக்கு. மீதி 188. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி. ஐந்தில் ஒருவருக்கு 44 போதும், 188 மற்றவர்களுக்கு என்று யார் பாகம் பிரித்தது? அரசமைப்புச் சட்டம் பிரிக்கவில்லை. 188 தொகுதிகளில் எழுதப்படாத ஓர் இட ஒதுக்கீடு நடக்கிறது. அதற்குப் பெயர்தான் பொதுத் தொகுதி.

இது எப்படி வந்தது என்பதற்குச் சின்ன வரலாறு இருக்கிறது. 1932ல் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்வில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு ஓட்டு இருந்தது. ஒன்று, தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்க. இன்னொன்று, பொதுத் தொகுதியில் மற்றவர்களோடு சேர்ந்து போட. இந்த இரண்டாவது ஓட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பொதுத் தொகுதியில் நிற்கிற ஆதிக்கச் சாதி வேட்பாளரும் சேரிக்கு வந்து பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்கியிருக்கும். அதனால்தான் அம்பேத்கர் இடங்களின் எண்ணிக்கையைவிட இந்த இரட்டை வாக்கைப் பெரிதாக மதித்தார். காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார், செப்டம்பர் 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது, இடங்கள் கூடின, இரட்டை வாக்கு போனது.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் இரண்டு பொதுத் தேர்தல்களில் தனித் தொகுதி என்று தனியாக வரைபடத்தில் கோடு போடவில்லை. இரட்டை உறுப்பினர் தொகுதி என்று வைத்திருந்தார்கள். ஒரே தொகுதியிலிருந்து இரண்டு பேர், அதில் ஓர் இடம் ஒதுக்கீடு. 1952ல் சென்னை மாநிலத்தில் 375 இடங்களில் 66 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். ஊர்க்காரருக்கும் இரண்டு ஓட்டு, சேரிக்காரருக்கும் இரண்டு ஓட்டு. தாத்தா பாட்டி யாராவது ‘அந்தக் காலத்துல ரெண்டு ஓட்டுப் போட்டோம்’ என்று சொன்னால் கள்ள ஓட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

பிறகு 1957ல் ஆந்திராவின் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் ஒன்று நடந்தது. அது பழங்குடிக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்ட இரட்டைத் தொகுதி. பொது இடத்துக்கு நின்றவர்களில் ஒருவர் வி.வி. கிரி. மத்திய அமைச்சராக இருந்தவர், பின்னால் குடியரசுத் தலைவரானவர். ஓட்டு எண்ணியபோது முதல் இரண்டு இடங்களிலும் பழங்குடி வேட்பாளர்கள். ஒருவர் ஒதுக்கீட்டு இடத்துக்கு, அடுத்தவர் திப்பல சூரி தோரா பொது இடத்துக்கு என்று அறிவித்தார்கள். கிரி தோற்றார். பழங்குடி வேட்பாளர் எப்படிப் பொது இடத்தை எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1959ல் நீதிமன்றம், அதிக வாக்கு வாங்கியவருக்குப் பொது இடம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பட்டியல் சாதியில், பழங்குடியில் பிறந்ததால் பொது இடத்தின் மீதான உரிமை ஒருவருக்குப் போய்விடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1961ல் நாடாளுமன்றம் இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே ஒழித்துச் சட்டம் கொண்டு வந்தது. தொகுதி பெரிதாக இருக்கிறது, செலவு அதிகம் என்று நிர்வாகக் காரணங்கள் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தீர்ப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டே வருடம்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதன் பிறகு ஊர் வேறு சேரி வேறு என்பது போலத் தனி வேறு, பொது வேறு என்று ஆகிவிட்டது.

இப்போது இன்றைக்கு வருவோம். இன்றைய தமிழ்நாடு அமைச்சரவையில் பட்டியல் சாதியினர் நான்கு பேர். கயல்விழி செல்வராஜ், தாராபுரம். மதிவேந்தன், ராசிபுரம். சி.வெ. கணேசன், திட்டக்குடி. கோவி. செழியன், திருவிடைமருதூர். நான்கும் தனித் தொகுதி. கோவி. செழியன் கையில் உயர்கல்வித் துறை இருப்பது நல்ல விஷயம், ஆதிதிராவிடர் நலத்துறையைத் தாண்டி நம் ஆட்களுக்குப் பெரிய இலாகா கிடைப்பது அபூர்வம். ஆனால் அமைச்சராகத் தகுதியானவர் என்று கட்சி நம்பிய நால்வரில் ஒருவரைக்கூடப் பொதுத் தொகுதியில் நிறுத்தலாம் என்று அதே கட்சி நம்பவில்லை. அதிமுகவும் இதில் சளைத்ததல்ல. 2012லிருந்து 2021 வரை சபாநாயகர் நாற்காலியில் இருந்த தனபால், ராசிபுரத்திலும் அவிநாசியிலும் நின்று வந்தவர். இரண்டும் தனி. 234 பேரையும் உட்காரச் சொல்லும், எழச் சொல்லும் அதிகாரம் தரலாம், ஆனால் பொதுத் தொகுதி சீட்டு தர முடியாது. என்ன கணக்கு இது?

கணக்கை அவர்களே சொல்வார்கள். ‘வெற்றி வாய்ப்பு’. ‘எங்களுக்கு ஆட்சேபம் இல்லை தம்பி, மக்கள் ஓட்டுப் போட மாட்டார்களே’ என்பார்கள். மேடையில் பெரியார் படம், அம்பேத்கர் படம் இரண்டும் இருக்கும். சாதியை ஒழிக்க வந்த கட்சி, சாதியைக் காரணம் காட்டி சீட்டு மறுக்கும்.

இந்த வாதத்தை விட்டுவிடக் கூடாது, உடைத்துப் பார்க்க வேண்டும். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் எட்டுத் தொகுதிகள். செங்கமும் வந்தவாசியும் தனி. வந்தவாசி நம் ஆரணி நாடாளுமன்றத் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. வந்தவாசியில் இருக்கிற வன்னியர், முதலியார், யாதவர், இஸ்லாமியர் எல்லோரும் தலித் வேட்பாளருக்குத்தானே ஓட்டுப் போடுகிறார்கள்? இரட்டை இலைக்குப் போடுகிறவர் இரட்டை இலைக்குப் போடுகிறார், உதயசூரியனுக்குப் போடுகிறவர் உதயசூரியனுக்குப் போடுகிறார். சாதிக்காரர்கள் ஓட்டுப் போடும் இயந்திரத்தின் முன்னால் மயங்கி விழவில்லை. அதே மாவட்டத்து மக்கள், அதே சின்னம், அதே கூட்டணி. செய்யாறைத் தாண்டினால் போடுகிற ஓட்டு ஆரணியில் விழாது என்பதற்கு என்ன ஆதாரம்? ‘அங்கே வேறு வழியில்லை, எல்லா வேட்பாளரும் எஸ்.சி.தான்’ என்பார்கள். சரி, வேறு வழி இருந்த இடத்தைப் பார்ப்போம்.

2001ல் திருச்சி நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. பொதுத் தொகுதி. அதிமுக அங்கே நிறுத்தியது தலித் எழில்மலையை. பெயரிலேயே தலித் என்று இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. வென்றார். 2021ல் விடுதலைச் சிறுத்தைகள் திமுக கூட்டணியில் ஆறு இடங்களில் நின்றார்கள். நான்கு தனி, இரண்டு பொது. தனித் தொகுதிகளில் காட்டுமன்னார்கோவிலையும் செய்யூரையும் வென்றார்கள், அரக்கோணத்தையும் வானூரையும் இழந்தார்கள். பொதுத் தொகுதிகளான திருப்போரூர், நாகப்பட்டினம் இரண்டையும் வென்றார்கள். நாகப்பட்டினத்தில் நின்ற ஆளூர் ஷாநவாஸ் இஸ்லாமியர், அதனால் அதை நான் தலித் வேட்பாளர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் சிறுத்தைகளின் சின்னத்துக்கு ஊர்த் தெருவில் ஓட்டு விழாது என்ற பேச்சுக்கு அந்த வெற்றியும் ஒரு பதில்தான். திருப்போரூரில் எஸ்.எஸ். பாலாஜி பாமக வேட்பாளரை எதிர்த்து வென்றார். வித்தியாசம் இரண்டாயிரத்துக்கும் குறைவு. குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆரணியில் 2021ல் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்தது மூவாயிரத்துச் சொச்சம். இருவரும் சேர்ந்து இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கிய தேர்தல் அது. மயிரிழை வெற்றி பொதுத் தொகுதியில் தலித் நின்றால் மட்டும் வருவதல்ல.

அந்த மூவாயிரத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்தத் தொகுதியில் யார் எம்.எல்.ஏ. ஆவது என்பதை நம் தெருக்களின் ஓட்டு முடிவு செய்ய முடியும். யார் வேட்பாளர் ஆவது என்பதை முடிவு செய்ய முடியவில்லை. முடிவில் கைவைக்கலாம், தொடக்கத்தில் கைவைக்க முடியாது.

‘வெற்றி வாய்ப்பு இல்லை’ என்ற பதில் நமக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல என்பதையும் இந்த மண்ணில் நினைவுபடுத்த வேண்டும். 1952 தேர்தலுக்கு முன்னால் வட ஆற்காட்டில், தென் ஆற்காட்டில் வன்னியர்கள் எங்களுக்குப் பிரதிநிதித்துவம் இல்லை, காங்கிரஸ் இடம் தரவில்லை என்று தனிக் கட்சி கண்டார்கள். இந்தப் பக்கம் மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி, அந்தப் பக்கம் ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி. காமன்வீல் 6 இடம், உழைப்பாளர் கட்சி 19 இடம். மாணிக்கவேல் நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில் அமைச்சரானார். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. எண்ணிக்கை இருந்தும் எங்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டார்கள். எழுபது வருடம் கழித்து அதே கேள்வியை சேரி கேட்டால், அவர்கள் வாரிசுகளுக்கு அது அந்நியமாகத் தெரியக் கூடாது. நெசவாளத் தோழர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். தறிக்காரர் ஓட்டு முக்கியம் என்பதால் கைத்தறிக்கு இலவச மின்சாரம் 200 யூனிட்டிலிருந்து 300 ஆனது. எண்ணிக்கை பேசும்போது அரசு கேட்கிறது. நம் எண்ணிக்கை பேசினால் மட்டும் ‘சாதி அரசியல்’ ஆகிவிடுகிறது.

சிலர் வேறு மாதிரி கேட்பார்கள், நம் ஆட்களே கேட்பார்கள். ‘தனித் தொகுதி எம்.எல்.ஏ.க்கள் என்ன கிழித்தார்கள்? பொதுத் தொகுதியிலும் போய் உட்கார்ந்து என்ன கிழிக்கப் போகிறார்கள்?’ கோபம் புரிகிறது. தனித் தொகுதியில் வாக்காளர்களில் பெரும்பான்மை பட்டியல் சாதி அல்ல. அங்கே சீட்டு கேட்கிற தலித், ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிக்காத தலித்தாக இருந்தாக வேண்டும். வாய் திறக்காதவர், தென்முடியனூர் மாதிரி கோயில் நுழைவு வந்தால் ஊரில் இல்லாதவர். 2023 ஜனவரியில் நம் மாவட்டத்திலேயே நடந்தது அது. தலித் மக்கள் ஓர் அம்மன் கோயிலுக்குள் போகப் போலீஸ் பாதுகாப்பும் மாவட்ட ஆட்சியரும் தேவைப்பட்டார்கள். பூனா ஒப்பந்தத்தின் பலன் இது, அம்பேத்கரே 1952ல் பம்பாயில் தோற்கடிக்கப்பட்டு இதை அனுபவித்தார். ஆனால் இதிலிருந்து வரும் முடிவு, பொதுத் தொகுதி வேண்டாம் என்பதல்ல. தன் சீட்டுக்கு 44க்குள்தான் வழி என்று இருக்கும்வரை எம்.எல்.ஏ. பயந்துதான் இருப்பார். 234லும் வழி இருந்தால் பேரம் பேசுகிற பலம் கூடும்.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. இப்போதைய தொகுதி வரைபடம் 2001 மக்கள்தொகையை வைத்து 2008ல் வந்தது. எந்தத் தொகுதி தனி, எது பொது என்பதும் அப்போது முடிவானது. 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை எல்லைகள் மாறாது. அந்தக் கணக்கெடுப்பு 2027ல், சாதிவாரியாக, நடக்கப் போகிறது. பிறகு தொகுதி மறுவரையறை வரும். ஆரணி தனித் தொகுதி ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆகுமென்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும், எப்படிப்பட்ட பேச்சு கிளம்பும் என்று பாப்பாபட்டி, கீரிப்பட்டி நமக்குச் சொல்லியிருக்கின்றன. ஊராட்சித் தலைவர் பதவி தனியானது என்பதற்காகப் பத்து வருடம் தேர்தலே நடக்க விடவில்லை. மேலவளவில் முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இன்னொன்று, சட்டமன்ற ஒதுக்கீட்டுக்கு அரசமைப்பில் கெடு இருக்கிறது. பத்துப் பத்து ஆண்டாக நீட்டிக்கிறார்கள். இப்போதைய நீட்டிப்பு 2030 ஜனவரியோடு முடிகிறது. அந்த நேரத்தில் ‘ஒதுக்கீடு இல்லாமலே ஜெயிக்கலாமே’ என்று நியாயம் பேச வருபவர்களிடம், நீங்கள் எத்தனை பேரை ஒதுக்கீடு இல்லாமல் நிறுத்தினீர்கள் என்று கேட்க நம் கையில் கணக்கு இருக்க வேண்டும்.

கடந்த ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்போம். பெயர்ப் பலகையில் சொல் மாறியதும் வேட்பாளர் பட்டியலிலும் ஏதாவது மாறுகிறதா என்று பார்ப்போம்.

அதற்கு உங்களிடம் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போகிறேன். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் தேர்தல் ஆணையம் புள்ளிவிவர அறிக்கை வெளியிடுகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தொகுதி வாரியாக எல்லா வேட்பாளர் பெயரும், கட்சியும், வாங்கிய வாக்கும் இருக்கும். பக்கத்தில் ஒரு கட்டத்தில் அவர் பொதுப் பிரிவா, எஸ்.சி.யா, எஸ்.டி.யா என்றும் இருக்கும். 2011, 2016, 2021 மூன்றையும் எடுங்கள். பெரிய கட்சிகள் ஒவ்வொன்றும் 188 பொதுத் தொகுதியில் எத்தனை எஸ்.சி. வேட்பாளரை நிறுத்தியது என்று எண்ணுங்கள். கூடவே படிவம் 20 என்று ஒன்று உண்டு, வாக்குச்சாவடி வாரியாக ஓட்டுக் கணக்கு. கட்சிக்காரர்கள் அதை வைத்துத்தான் எந்தத் தெரு தங்களுடையது என்று பேசுகிறார்கள், நாமும் படிக்கலாம். பிறகு வேட்பாளர்கள் சேவூருக்கு வரும்போது, ரோடு எப்போது, குடிநீர் எப்போது என்று கேட்பதோடு, உங்கள் கட்சி பொதுத் தொகுதியில் எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறது என்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆரணியை முதலில் முடியுங்கள். அடுத்து போளூர், செய்யாறு, கலசபாக்கம், கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை. மாவட்டத்தில் பொதுத் தொகுதி ஆறுதான். நாலு பேர் உட்கார்ந்தால் பொங்கலுக்குள் முடிந்துவிடும்.